‘ரெண்டு வெள்ளி’ கடையில் கணக்காக வாங்குவது எப்படி?

சிகாமட், லாபிஸ், பகாவ், பீடோர், சுங்கை சிப்புட் என்று மலேசியாவில் எந்தத் தோட்டப்புறப் பட்டணத்துக்குப் போனாலும் இன்று ஒரே விலைக் கடை ஒன்று இருக்கிறது. பலகையில் விலை ஏறிவிட்டாலும் மக்கள் வாயில் அது இன்னும் ‘ரெண்டு வெள்ளி கடை’தான் (வெள்ளி என்றால் ரிங்கிட்). தோட்ட வீட்டை விட்டுப் பட்டணத்து மலிவு வீட்டுக்கு மாறி வந்தவர்கள், புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள், வேலை மாற்றலாகி வந்தவர்கள் முதல் மாதத்திலேயே போய் நிற்பது அங்கேதான். இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக.

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மற்றக் கடைகளில் அளவு ஏறினால் விலையும் ஏறும். இங்கே விலை நகராது, அளவுதான் ஏறி இறங்கும். ஒரு பொருள் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாவிட்டால் தயாரிப்பாளர் 500 கிராமை 350 கிராமாக்குவார், முப்பது பையை இருபதாக்குவார், பிளாஸ்டிக்கை மெல்லியதாக்குவார். ஆகவே இந்தக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். இனி வருவதெல்லாம் அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான்.

விலை ஏன் இவ்வளவு குறைவு என்ற சந்தேகம் புதியவர்களுக்கு வரும். திருட்டுச் சரக்கோ, கழித்துவிட்ட சரக்கோ என்று பயப்படவேண்டாம். பல பொருள்களை மொத்தமாகக் கொள்கலன் கணக்கில் வாங்குகிறார்கள், சிலவற்றைத் தங்கள் சொந்தப் பெயரில் பொட்டலம் கட்டுகிறார்கள், வாடகை குறைந்த சிறு பட்டணங்களாகப் பார்த்துக் கடை போடுகிறார்கள். நாட்டில் பெரிதாக வளர்ந்திருக்கும் எக்கோ ஷாப் 2003இல் தொடங்கியதே சிகாமட் வட்டாரத்து ஜெமெந்தாவில்தான். அது 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. வன்பொருள் பக்கம் பெயர் வாங்கிய மிஸ்டர் டிஐஒய் 2005இல் கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் ஒரு கடையாகத் தொடங்கியது. இரண்டும் ஒரே மாதிரிக் கடைகள் அல்ல. முதலாவதில் பெரும்பாலும் ஒரே விலை, இரண்டாவதில் பொருளுக்குப் பொருள் விலை மாறும்.

புறப்படுவதற்கு முன்

பயணச் செலவைப் போட்டுப் பாருங்கள். தோட்டத்திலிருந்து பட்டணம் 12 கிலோமீட்டர் என்றால் போக வர 24. மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 0.6 லிட்டர். லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற மானிய விலையில் சுமார் 1 வெள்ளி 20 காசு. அதே தூரத்துக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் பழைய காரை எடுத்தால் இரண்டு லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 4 வெள்ளி. ஒரு பொருளில் 40 காசு மிச்சம் பிடிக்கக் காரில் போகிறவர், பத்துப் பொருள் வாங்கினால்தான் போன காசு திரும்பும். ஆகவே வங்கி, கிளினிக், பிள்ளையின் டியூஷன் என்று வேறு வேலை இருக்கும் நாளோடு சேர்த்துப் போங்கள். மாதம் ஒரு முறை போதும்.

அடுத்தது பட்டியல். ‘கிளிப்’ என்று மட்டும் எழுதினால் கடையில் எட்டு வகைக் கிளிப்புக்கு முன்னால் நின்று யோசிப்பீர்கள். ‘துணி கிளிப் 20, கம்பி துருப்பிடிக்காதது’ என்று எழுதுங்கள். அளவு வேண்டிய பொருள்களுக்கு வீட்டிலேயே அளந்து குறிக்கவேண்டும்: மேசை விரிப்பு, சன்னல் திரைக் கம்பி, அலமாரிக்குள் நுழையும் கூடையின் உயரம். பல்பு வாங்கப் போகிறவர்கள் பழைய பல்பின் அடியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் இரண்டு முனையை அழுத்தித் திருப்பும் ‘பி22’ வகையும் இருக்கும், திருகிப் போடும் ‘இ27’ வகையும் இருக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

காசை எண்ணி எடுத்துச் செல்வதற்கு ஒரே விலைக் கடைபோல வசதியான இடம் வேறில்லை. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் இங்கே கணக்குக்கு 2 வெள்ளி 60 காசு என்று வைத்துக்கொள்வோம். 30 வெள்ளிக்கு 11 பொருள், 28 வெள்ளி 60 காசு. கூடையில் இருப்பதை எண்ணினாலே பில் தெரிந்துவிடும். தள்ளுவண்டி வேண்டாம், கையில் தூக்கும் கூடையை எடுங்கள். கை வலிக்கத் தொடங்கும்போது தேவையில்லாதது எது என்று தானாகத் தெரியும். வீட்டிலிருந்து பை கொண்டுபோங்கள், பல இடங்களில் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு வாங்குகிறார்கள்.

எப்போது போவது

சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்படவேண்டும் என்பது சட்டம். அதனால் 7ஆம் தேதியை ஒட்டிய வார இறுதியில் தோட்டப்புறக் கடைகள் நிரம்பி வழியும். நல்ல நிறம், நல்ல அளவு எல்லாம் அன்று காலியாகிவிடும். வேலை நாள் காலையில் போனால் சரக்கை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். எந்தக் கிழமை லோரி வரும் என்று அடுக்குகிறவரிடமே கேளுங்கள், தயங்காமல் சொல்வார்.

திருவிழாச் சரக்கை விழா முடிந்த மறுவாரம் வாங்குங்கள். தீபாவளி மின்விளக்குச் சரம், அங்பாவ் உறை, தோரணம் இவையெல்லாம் அடுத்த ஆண்டுக்கும் கெடாது. கோலப்பொடியை மட்டும் அப்படி வாங்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் கட்டிபிடித்துவிடும்.

பொட்டலத்தைப் படிப்பது

பொட்டலத்தின் பின்பக்கம் பெரும்பாலும் மலாயில்தான் இருக்கும். நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். ‘பெராட் பெர்சே’ என்றால் நிகர எடை. ‘இசி பெர்சே’ என்றால் உள்ளே இருக்கும் நிகர அளவு, திரவப் பொருளில் மில்லிலிட்டராக இருக்கும். ‘ஹெலாய்’ என்றால் தாள் எண்ணிக்கை. ‘லாப்பிஸ்’ என்றால் எத்தனை அடுக்கு. டிஷ்யூ வாங்கும்போது கடைசி இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு அடுக்கு 200 தாளும் இரண்டு அடுக்கு 100 தாளும் காகிதக் கணக்கில் ஒன்றுதான்.

இப்போது கணக்கு. போனில் கால்குலேட்டரைத் திறந்து விலையை எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நூறு கிராமுக்கு எவ்வளவு என்று வரும். ஒரு பாத்திரம் கழுவும் திரவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே விலைக் கடையில் 400 மில்லி, 2 வெள்ளி 60 காசு: நூறு மில்லிக்கு 65 காசு. பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில் 800 மில்லி ரீஃபில் பை 4 வெள்ளி 40 காசு என்று இருந்தால் நூறு மில்லிக்கு 55 காசு. கையில் பெரிய பையின் விலை கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் அதுதான் மலிவு. பாட்டிலைச் சாய்த்தும் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி விறுவிறுவென்று மேலே ஓடினால் திரவம் தண்ணீராக இருக்கிறது, மெதுவாக ஏறினால் கொஞ்சம் கெட்டி. இது துல்லியமான சோதனை இல்லை, கெட்டியாக்க உப்புச் சேர்ப்பதும் உண்டு. இருந்தாலும் தண்ணீரைப்போல ஓடுவதைப் பம்ப் அடித்து அடித்து ஊற்றுவீர்கள், பத்து நாளில் தீர்ந்துவிடும்.

பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் இதே கதை. 120 கிராம் 2 வெள்ளி 60 காசு என்றால் நூறு கிராமுக்கு 2 வெள்ளி 17 காசு. 300 கிராம் பொட்டலம் 5 வெள்ளி 10 காசுக்குக் கிடைத்தால் நூறு கிராமுக்கு 1 வெள்ளி 70 காசு. தின்பண்டத்துக்கு ஒரே விலைக் கடை பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பது எங்கள் முடிவு. பிள்ளை கேட்கிறது என்று ஒன்று வாங்கலாம், மாதச் சாமானாக வாங்கவேண்டாம்.

உணவுப் பொருளில் தேதியையும் பாருங்கள். ‘தாரிக் லுபுட்’ என்று இருந்தால் அந்த நாளுக்குப் பிறகு உண்ணக்கூடாது. ‘பாயிக் செபெலும்’ என்று இருந்தால் அந்த நாள்வரை சுவையும் மொறுமொறுப்பும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். விலை குறைத்து வாசலில் கொட்டி வைத்திருக்கும் சரக்கில் தேதி நெருங்கியிருக்கும். நாளைக்கே தீர்க்கமுடியும் என்றால் எடுங்கள்.

எண்ணிக்கையில் விற்கும் சாமானுக்கு ஒரு எச்சரிக்கை. குப்பைப் பை 30 என்று போட்டிருக்கும், அளவு சின்னதாக இருக்கும். உங்கள் வீட்டுத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி மடித்துவிட இடம் வேண்டும். தொட்டியின் அகலத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு போய்ப் பொட்டலத்தில் உள்ள அளவோடு பொருத்திப் பாருங்கள். செல்லோடேப்பில் வட்டத்தின் பருமனைப் பார்த்து ஏமாறக்கூடாது. நடுவிலிருக்கும் அட்டைவளையம் பெரிதாக இருந்தால் டேப் குறைவு. உள்பக்கம் அச்சிட்டிருக்கும் மீட்டர் அல்லது யார்டு கணக்குதான் உண்மை.

வாளியை எப்படிப் பார்ப்பது

பிளாஸ்டிக் சாமானைச் சோதிக்கும் முறையை ஒரு வாளியை வைத்தே சொல்லிவிடலாம். தண்ணீர்த் தடை வரும் ஊர்களில் எல்லோரும் வாங்குவது அதைத்தான், எல்லோரும் ஆறு மாதத்தில் தூக்கிப் போடுவதும் அதைத்தான்.

வாளியைத் தலைகீழாக்கி விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் சுவர் சீராக வார்க்கப்படவில்லை. அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கும். உருக்கிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடம் அது. விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்துங்கள். உள்வாங்கித் திரும்பி வந்தால் சரி. நொறுக்கென்று சத்தம் கேட்டாலோ வெண்கோடு விழுந்தாலோ வைத்துவிடுங்கள். விளிம்பை இரண்டு கையாலும் லேசாக வளைத்தும் இதைச் சோதிக்கலாம்.

அடுத்தது கைப்பிடி. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. அந்தப் பாரம் முழுவதும் கம்பி நுழையும் இரண்டு துளைகளில்தான் தொங்குகிறது. துளையைச் சுற்றி இரட்டைக் கனமாகத் தடிப்பு இருக்கிறதா, கம்பியின் நுனி நன்றாக வளைத்து மடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறைத்துத் தூக்கும் முதல் நாளே ஒருபக்கம் கழன்று வரும்.

கடைசியாக முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய்போல, எரிந்த ரப்பர்போல வாடை அடித்தால் பலமுறை உருக்கிய பிளாஸ்டிக்காக இருக்கலாம். கழுவி வெயிலில் வைத்தாலும் அந்த வாடை எளிதில் போகாது. வீடு துடைக்க ஆகும். குடிதண்ணீர் பிடிக்கவோ அரிசி போட்டு வைக்கவோ வேண்டாம். தண்ணீர் பிடித்து வைக்கும் வாளிக்கு மூடியும் வாங்குங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட மூடாத நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும்.

துணி கிளிப்பும் ஹேங்கரும் நம் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். காய்ந்த துணியோடு கிளிப்பையும் எடுத்து உள்ளே ஒரு கூடையில் போடும் பழக்கம் இருந்தால் அதே கிளிப் இன்னும் கூடுதல் நாள் வரும்.

சாப்பாட்டுப் பாத்திரங்கள்

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், சூடான சோறு, குழம்பு தாங்கும். 1 என்றால் பெட் பாட்டில், சூடு ஆகாது. 6 என்றால் பாலிஸ்டைரீன், அதிலும் சூடான பொருள் வேண்டாம். கண்ணாடிக் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி உணவுக்கு ஏற்றது என்பதைக் காட்டும். மைக்ரோவேவில் வைக்கலாமா என்பதற்குத் தனிக் குறி உண்டு, அது இல்லாமல் வைக்காதீர்கள். மெலமைன் தட்டை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

தீபாவளிக்குச் சிவப்பு மூடி போட்ட பலகார பாட்டில்கள் குவியும். அவை பெரும்பாலும் 1ஆம் எண். முறுக்கைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு போட்டால் இரண்டு கேடு வரும்: பாட்டில் கோணிப்போகும், ஆவி உள்ளேயே தங்கி முறுக்கு நமத்துவிடும். தாளில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, பாட்டிலின் உட்பக்கம் ஈரமில்லாமல் துடைத்துப் போடுங்கள். மூடியின் உள்ளே ஒரு வளையம் இருக்கிறதா என்றும் கடையிலேயே திருகிப் பாருங்கள். பாதியில் நழுவும் மூடி காற்றை அடைக்காது.

எவர்சில்வர் கரண்டி, தட்டுகளில் ‘304’ அல்லது ‘18/8’ என்று பதித்திருந்தால் ஊறுகாய், புளிக்குழம்புக்குத் தாங்கும். அந்த முத்திரை இல்லாததைச் சோறு போட, பொடி வைக்க வாங்கலாம். விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். விளிம்பு உருட்டி மடிக்கப்படாமல் வெட்டினபடி இருந்தால் கழுவும்போது கையைக் கிழிக்கும்.

வாங்கவே கூடாதவை, யோசித்து வாங்கவேண்டியவை

மின்சாரச் சாமான்தான் இதில் முதலிடம். பழைய லயத்து வீடுகளிலும் மலிவு வீடுகளிலும் வயரிங் பழசு, பிளக் பாயிண்ட் குறைவு. ஆகவே எல்லோரும் எக்ஸ்டென்ஷன் தேடுகிறார்கள். தரச் சோதனை நிறுவனமான சிரிம், எரிசக்தி ஆணையம் இரண்டின் பெயரும் உள்ள முத்திரை ஒட்டியிருக்கவேண்டும். பிளக்கில் மூன்று முனை, உள்ளே 13 ஆம்பியர் பியூஸ், கீழுள்ள இரண்டு முனைகளின் அடிப்பாதி கறுப்புக் காப்புறை போட்டிருக்கவேண்டும். வயர்மேலேயே எழுத்து இருக்கும், ‘3’ என்று தொடங்கி ‘1.25’ அல்லது ‘1.5’ என்று முடிந்தால் மூன்று வயர், எர்த் உண்டு. ‘2’ என்று தொடங்கினால் எர்த் இல்லை. முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். இதில் எங்களுக்குச் சமரசமே இல்லை.

நல்ல எக்ஸ்டென்ஷனுக்கும் எல்லை உண்டு. 13 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 2990 வாட்ஸ். 2000 வாட்ஸ் கெட்டிலும் 1500 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷனில் ஓடினால் 3500 ஆகிவிடும். பியூஸ் போவது நல்ல முடிவு. பியூஸ் போகாமல் வயர் சூடாகி உருகுவதுதான் வீட்டைக் கொளுத்துவது.

பேட்டரியில் ஒரு எழுத்தைப் பாருங்கள். ‘ஆர்6’ என்று இருந்தால் சாதாரண கார்பன் வகை, ‘எல்ஆர்6’ என்று இருந்தால் அல்கலைன். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் கார்பன் போதும். டார்ச், ஓடும் பொம்மை போன்றவற்றுக்கு அது கட்டாது. விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறவர்களின் தலைவிளக்குக்குச் சார்ஜ் செய்யக்கூடியதையே பார்த்து வாங்குங்கள். கார்பன் பேட்டரி தீர்ந்த பிறகும் உள்ளேயே கிடந்தால் கசிந்து சாதனத்தின் கம்பியைத் தின்றுவிடும்.

முகக் கிரீம், பவுடர், உதட்டுச் சாயத்தில் ‘நாட்’ (NOT) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி எண்கள் வரும் அறிவிப்பு எண் இருக்கவேண்டும். தைலம், மாத்திரை, பாரம்பரிய மருந்தில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கவேண்டும். இரண்டையும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். ஒரே வாரத்தில் வெள்ளையாக்கும் என்று சொல்லும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன் கலந்தவை திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் முன் எண்ணைச் சரிபாருங்கள்.

தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்லவேண்டும். கடையில் கட்டுக்கட்டாக விற்கும் நூல் கையுறை செம்பனைக் குலை தூக்க, புல் வெட்ட ஆகும். மருந்தடிக்க ஆகாது. நூல் மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், வெறுங்கையைவிட அது மோசம். மருந்தடிப்புக்கான கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாவற்றையும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளிதான் இலவசமாகத் தரவேண்டும். சொந்தக் காசில் வாங்கும் செலவே அது இல்லை.

ஒட்டும் கொக்கிகள் வழவழப்பான ஓட்டிலும் கண்ணாடியிலும் நிற்கும். சுண்ணாம்புச் சுவரிலும் பலகைச் சுவரிலும் நிற்காது. ஒட்டுகிற இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுவதும் ஒன்றும் மாட்டாமல் விடவேண்டும். கத்தரிக்கோலைக் கடையிலேயே இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள், நுனிவரை சேராவிட்டால் துணி வெட்டாது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியவை

பரிசுப் பை, வாழ்த்து அட்டை, மெழுகுவத்தி, அகல்விளக்கு, பாத்திரம் தேய்க்கும் நார், டாய்லெட் பிரஷ், அலமாரிக் கூடை, புத்தகம் போடும் பிளாஸ்டிக் உறை, அழிப்பான், பென்சில் பெட்டி, தலைக்கிளிப், ரப்பர் பேண்ட். இவற்றில் நீங்கள் இழக்க ஒன்றுமில்லை. பயிற்சிப் புத்தகத்தில் மட்டும் பக்க எண்ணிக்கையை எண்ணுங்கள். தமிழ்ப்பள்ளி கொடுக்கும் பட்டியலில் எத்தனை பக்கம், ஒற்றைக் கோடா இரட்டைக் கோடா என்று இருக்கும். 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் டிசம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் இரட்டைக் கோடு காலியாகிவிடும்.

ஈர்க்குச்சி விளக்குமாற்றைக் கடையில் வாங்காதீர்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பாட்டிமார் கட்டி விற்பது கனமாகவும் இறுக்கமாகவும் இருக்கும், தளர்ந்தால் அவர்களே திருப்பிக் கட்டித் தருவார்கள்.

மாதச் சாமானுக்கு இந்தக் கடை ஈடாகாது. ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் மானிய விலையில் 2 வெள்ளி 50 காசு. அதை மளிகைக் கடையில்தான் தேடவேண்டும். அடிப்படைச் சாமான் வாங்க அரசு தரும் சாரா உதவி உங்கள் அடையாள அட்டையான மைகார்டில் வந்திருந்தால், அது பதிவு பெற்ற கடைகளில் குறித்த வகைச் சாமானுக்கு மட்டுமே செல்லும். மைடின், 99 ஸ்பீட்மார்ட், எக்கோன்சேவ் போன்றவை அதில் உண்டு. ஆகவே அரிசி, முட்டை, எண்ணெய், மருந்து இவற்றுக்குச் சாராவையும், கையிலிருக்கும் ரொக்கத்தை இந்தக் கடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மைகார்டை ‘இங்கேயே இருக்கட்டும்’ என்று எந்தக் கடைக்காரரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. பண்டிகைக் காலத்தில் உச்சவரம்பு விலை விதித்த பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு இருக்கும், பருப்பும் தேங்காயும் வாங்கும்போது அந்த நிறத்தைத் தேடுங்கள். 555 புத்தகத்தில் எழுதிக் கடன் தரும் பக்கத்து மளிகைக்காரரைச் சில காசுக்காக முற்றாகக் கைவிடவேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான வேண்டுகோள். மழை பிடித்து வேலை நின்ற மாதத்தில் அரிசி தருகிறவர் அவர்தான்.

கவுண்டரில்

எல்லாமே ஒரே விலை என்று நினைத்து நிற்காதீர்கள். பெரிய கூடை, பெட்ஷீட், தள்ளுவண்டிச் சக்கரம் போன்றவற்றுக்கு வேறு விலை போட்டிருப்பார்கள், சீட்டின் நிறம் மாறியிருக்கும். பலர் எடுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றி வைப்பதால் அலமாரியின் விலை அந்தப் பொருளுக்குரியதா என்று பார்கோட் எண்ணின் கடைசி நான்கு எண்களை ஒப்பிடுங்கள்.

சாமானை ஒரே மாதிரியாகச் சேர்த்து அடுக்கிக் கொடுத்தால் எண்ணிக்கைத் தவறு குறையும். ரெசிட்டை வாங்கிய இடத்திலேயே, வரிசையை விட்டு ஒதுங்கி நின்று படியுங்கள். நீங்கள் எண்ணி வைத்த பொருள் எண்ணிக்கையும் ரெசிட்டின் மொத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பொருள் இரண்டு முறை பதிவாவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, அப்போதே சொன்னால் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

சில்லறைக் குழப்பமும் வரும். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும்போது மொத்தத் தொகை மட்டும் அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. 12 வெள்ளி 42 காசு 12.40 ஆகும், 12 வெள்ளி 43 காசு 12.45 ஆகும். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஏற்றினால் அது தவறு.

ரெசிட்டைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து மோட்டார் இருக்கைக்கு அடியில் கிடந்தால் சில வாரத்தில் மங்கிவிடும். மாற்றித் தரும் நாள்கணக்கு கடைக்குக் கடை வேறு, கவுண்டர் பக்கத்தில் மாற்றுவதைக் குறிக்கும் ‘துக்கார்’ என்ற மலாய்ச் சொல்லோடு ஒட்டியிருக்கும். உள்ளாடையைப் பொதுவாக மாற்றித் தரமாட்டார்கள். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு மாற்றித் தருவது கடையின் விருப்பம். பொருளே பழுது என்றால் கதை வேறு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பலகை மாட்டியிருந்தாலும், பழுதான பொருளுக்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அந்தப் பலகை பறிக்காது. எனவே வீட்டுக்குப் போனதும் அன்று மாலையே எல்லாவற்றையும் பிரித்து, மூடியைத் திருகி, விளக்கைப் போட்டு, வாளியை நிறைத்துப் பாருங்கள். பொட்டலத்தைச் சோதனை முடியும்வரை எறியாதீர்கள்.

கடையில் முதலில் மேலாளரிடம் பொறுமையாகப் பேசுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைக்கலாம். விலைச்சீட்டே இல்லாமல் விற்பதும், அலமாரியில் ஒரு விலையும் கவுண்டரில் வேறு விலையும் இருப்பதும் புகார் செய்யக்கூடியவை. அலமாரிச் சீட்டையும் ரெசிட்டையும் சேர்த்துப் படம் எடுத்திருந்தால் போதும். நட்டம் பெரிதாக இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். இரண்டு வெள்ளிக் கிளிப்புக்கு யாரும் அங்கே போகப்போவதில்லை. ஆனால் முத்திரை இல்லாத எக்ஸ்டென்ஷன் எரிந்து பிரிட்ஜும் சேர்ந்து போனால் போகவேண்டிய இடம் அதுதான், எரிந்த பிளக்கையும் ரெசிட் படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.